கம்பெனி மூடியாச்சு, என்ஜின் என்ன விலை போகும்?

“கம்பெனியே மூடிட்டாங்க, இனிமே கிடைக்காது.” சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் மாடல் ரயில் விற்பவர் இப்படி ஒரு வரி எழுதி, பழைய கடை விலையைப்போல் இரண்டு மடங்கைப் போட்டு வைத்திருப்பார். வரியின் முற்பாதி பெரும்பாலும் உண்மை. பிற்பாதியைத்தான் சரிபார்க்க வேண்டும். தாத்தாவோ மாமாவோ விட்டுப்போன ரயில்களை விற்க நினைப்பவருக்கும், அப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும் இந்த வழிகாட்டி.

தயாரித்தவர் கடையைக் கட்டிவிட்டார் என்பதற்காக மட்டும் எந்த என்ஜினும் விலை ஏறுவதில்லை. அதை வார்த்த எஃகு அச்சு இப்போது யார் கையில் இருக்கிறது, தேய்ந்த பாகத்துக்கு மாற்று கிடைக்குமா, நம் ஊர்ப் புழுக்கம் உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு.

1. மூடியது எது?

“மூடிவிட்டது” என்ற ஒரே சொல்லில் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

ஜெர்மனியின் மார்க்லின் 1859இல் தொடங்கிய நிறுவனம். 150ஆவது ஆண்டில், 2009 பிப்ரவரியில், திவால் மனு போட்டது. உற்பத்தி நிற்கவே இல்லை. 2013இல் சிம்பா டிக்கி என்ற பொம்மைக் குழுமத்தின் உரிமையாளர் குடும்பத்தார் வாங்கினார்கள். இன்றும் புது என்ஜின் வருகிறது. ஆகவே “திவாலுக்கு முந்தைய மார்க்லின்” என்று விளம்பரத்தில் பார்த்தால் அந்தச் சொல்லுக்கென்று ஒரு வெள்ளிகூடச் சேர்க்க வேண்டாம்.

தோட்டத்தில் ஓடும் பெரிய ரயில்களைச் செய்த எல்ஜிபி 2006இல் திவாலாகி, மறு ஆண்டே மார்க்லின் கைக்குப் போனது. அந்தப் பெயரிலும் பொருள் வந்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவின் எம்டிஎச் கதை வேறு. உரிமையாளர் ஓய்வு பெறுவதால் 2021 நடுவில் மூடப்போவதாக 2020இல் அறிவித்தார்கள். அச்சுகளில் ஒரு பகுதி மற்ற நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது, மிச்சத்தை வைத்துச் சிறிய அளவில் தொழில் தொடர்ந்தது. அறிவிப்பு வந்த மாதங்களில் பதறியடித்து வாங்கியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை.

கடை மூடினால் அதுவும் விலையைப் பாதிக்கும். லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் 2024 ஜனவரியில் மூடலை அறிவித்தது. சொந்தத் தயாரிப்புகளோடு பழைய சேகரிப்புகளையும் மொத்தமாக வாங்கி விற்ற கடை அது. அப்படிப்பட்ட பெரிய வாங்குநர் ஒருவர் சந்தையை விட்டுப் போனால், பழைய பொருளுக்கு இருந்த அடித்தள விலை கொஞ்சம் தளர்கிறது. விற்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2. அச்சு எங்கே போனது?

இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போனாலும் தகும். மாடல் ரயில் தொழிலில் உண்மையான சொத்து அச்சுதான். பெயர்ப்பலகை ஒரு பக்கம் போகும், அச்சு இன்னொரு பக்கம் போகும்.

இத்தாலியின் லிமாவைப் பாருங்கள். நிறுவனம் நொடித்த பிறகு, 2004இல் இங்கிலாந்தின் ஹார்ன்பி அதன் சொத்துகளை வாங்கியது. ரிவரொஸ்ஸி, ஜுவெஃப், ஆர்னால்ட் பெயர்களும் அதோடு சேர்ந்து வந்தன. பிறகு லிமா அச்சில் வார்த்த சில பிரிட்டிஷ் டீசல் என்ஜின்கள் ஹார்ன்பியின் மலிவு வரிசையில், புது மோட்டாரோடு மறுபடி வெளிவந்தன. விளைவு என்ன? அதே உருவம், இன்னும் நன்றாக ஓடும் வடிவில், கடையில் புதிதாகவே கிடைத்தது. பழைய லிமாவுக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு அந்தக் காலத்து லிமாவின் சக்கர விளிம்பு ஆழமானது. இன்றைய தாழ்வான தண்டவாளத்தில் விட்டால் கட்டைகளில் இடித்துத் தடதடவென்று போகும். அந்தச் சக்கரத்தைப் பொழுதுபோக்குக்காரர்கள் ‘பிட்சா கட்டர்’ என்று கேலி செய்வது சும்மா இல்லை.

இதற்கு நேர்மாறானது ஹார்ன்பி டூப்ளோ. 1938இல் மெக்கானோ நிறுவனம் தொடங்கிய வரிசை. 1964இல் மெக்கானோ கைமாறியதும் டூப்ளோ நின்றது, அச்சுகள் ரென் நிறுவனத்துக்குப் போயின. ரென் 1992 வரை செய்துவிட்டு மூடியது. பிறகு அவை டேப்போல் நிறுவனத்திடம் போயின. ஒரே வார்ப்பு, மூன்று காலம், மூன்று பெயர். இங்கே விலை என்ஜினில் பாதி, அட்டைப்பெட்டியில் பாதி. சிறு எண்ணிக்கையில் வந்த ரென் என்ஜின், அதற்குரிய பெட்டியோடு இருந்தால், சாதாரண வண்ணத்தில் வந்ததைவிடப் பல மடங்கு போகும். அதனாலேயே புதிதாக அச்சடித்த போலிப் பெட்டிகளும் புழங்குகின்றன. பெட்டி அறுபது வருடம் பழையது என்கிறார், உள் மடிப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பெட்டி ஓரத்து ஒட்டுச்சீட்டில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் என்ஜினும் ஒன்றுதானா என்பதையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஆக, தேடும் வரிசை இது: தயாரித்தவர் பெயர், பொருள் எண், மூடிய ஆண்டு, அச்சை வாங்கியவர், அந்த அச்சில் மறுபதிப்பு வந்ததா. கடைசிக் கேள்விக்கு ‘வந்தது’ என்று பதில் கிடைத்தால் விலையைக் கீழிருந்து தொடங்குங்கள். ‘வரவில்லை, வேறு யாரும் அந்த என்ஜினைச் செய்யவும் இல்லை’ என்றால் மட்டும் மேலே போகலாம்.

3. எந்த நேரத்தில் நிற்கிறீர்கள்?

மூடல் செய்திக்குப் பிறகு விலை ஒரே பக்கமாகப் போவதில்லை. முதல் சில வாரம் பதற்றத்தில் ஏறும். கையிருப்பைக் கடைகள் தள்ளிவிடத் தொடங்கியதும் இறங்கும். அதன்பிறகு ஓரிரு ஆண்டு அமைதி. இந்த அமைதியில்தான் நல்ல பொருள் நியாய விலைக்குக் கிடைக்கும். பிறகு யாராவது மறுபதிப்பை அறிவிப்பார்கள், அன்றைக்கே பழையது சரியும். விற்பவர் முதல் வாரத்தில் விற்கட்டும். வாங்குபவர் பொறுக்கட்டும்.

‘என்’ (N) எனப்படும் சிறிய அளவு ஜப்பானிய ரயில்களில் இன்னொரு நெளிவு உண்டு. அடிப்படைத் தொகுப்பு, கூடுதல் தொகுப்பு என்று பிரித்து விற்பார்கள். அடிப்படைத் தொகுப்பை வாங்கி வைத்தவர்கள் பத்து வருடம் கழித்தும் கூடுதல் பெட்டிகளைத் தேடுவார்கள். உங்களிடம் இருப்பது கூடுதல் தொகுப்பு என்றால் அவசரப்படாதீர்கள். முழு ரயிலாக இருந்தால் உடைத்து விற்காதீர்கள்.

அளவையும் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். ‘என்’ அளவுக்கு 9 மி.மீ தண்டவாளம், 249 மி.மீ ஆரத்தில் ஒரு வட்டம் போட அரை மீட்டருக்குச் சற்று மேல் போதும், வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும். எல்ஜிபிக்கு 45 மி.மீ தண்டவாளம், அதன் மிகச் சிறிய வட்டமே 1.2 மீட்டருக்கு மேல். தோட்டம் இல்லாத ஊரில் அதை வாங்க ஆள் குறைவு, வெளிநாட்டுக்கு அனுப்பினால் எடைக் கூலி லாபத்தைத் தின்றுவிடும். ஐரோப்பாவில் போகும் விலை அப்படியே இங்கே போகாது.

4. கவிழ்த்துப் பாருங்கள்

படத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். நேரில் சந்திக்கும்போது ஒரு கைப்பேசி விளக்கு, எஃகு அளவுகோல், 9 வோல்ட் பேட்டரி, முனை சீவிய இரண்டு கம்பி, கையகல நேர்த் தண்டவாளம் (‘என்’ அளவென்றால் ஜப்பானின் ‘கேட்டோ’ நிறுவனத்து 124 மி.மீ துண்டு போதும்) கொண்டுபோங்கள். எம்ஆர்டி நிலையத்து இருக்கையிலேயே பத்து நிமிடத்தில் முடியும்.

முதலில் அடிச்சட்டம். பல என்ஜின்களின் அடிச்சட்டம் மசாக் எனப்படும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், ஆண்டுகள் கழித்து உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடி, சட்டம் ஊதிப்போய் உடையும். ‘துத்தநாக நோய்’ என்பார்கள். வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் இருபது வருடம் அலமாரியில் கிடந்த என்ஜினை, குளிர்நாட்டில் கிடந்த அதே என்ஜினோடு ஒப்பிடக்கூடாது.

எப்படித் தெரியும்? என்ஜினைக் கவிழ்த்து, அளவுகோலைச் சட்டத்தின் நெடுகிலும் வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது. மேல்மூடி முன்னும் பின்னும் பிதுங்கியிருந்தாலோ, திருகைக் கழற்றியும் மூடி வர மறுத்தாலோ, உள்ளே சட்டம் நீண்டுவிட்டது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் வற்றிய குளத்துச் சேற்று வெடிப்பைப்போல் மயிரிழைக் கோடுகள் தெரியும். வெறும் வெள்ளைப் பொடி மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது மேல்பூச்சு அரிப்பாகவும் இருக்கலாம். வெடிப்போடு சேர்ந்து இருந்தால்தான் நோய். இதற்கு மருந்து கிடையாது, பசையும் பெயிண்டும் உதவாது. மோட்டாருக்கும் மேல்மூடிக்கும் உதிரி விலை கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து அச்சுத்தண்டின் பல்சக்கரம். சக்கரங்களுக்கு நடுவே ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் இறுக்கமாகப் பொருத்தியிருக்கும். வருடங்களில் பிளாஸ்டிக் சுருங்கி, இரண்டு பற்களுக்கு நடுப் பள்ளத்தில், நகத்தால் கீறினதுபோல் ஒரு கோடு விடும். கண்ணுக்குத் தப்பிவிடும், காதுக்குத் தப்பாது. மெல்ல ஓடும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று கேட்கும். பிடி தளர்ந்ததால் இரண்டு சக்கரமும் விலகி, வளைவில் தடம்புரளும். லைஃப்லைக் நிறுவனத்தின் புரோட்டோ 2000 வரிசை டீசல்களில் இது பேர்போன குறை. அந்த ரயில் தொழிலை 2005இல் வால்தர்ஸ் வாங்கிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதேர்ன் நிறுவனத்தின் பல்சக்கரம் அப்படியே பொருந்தும் என்பதால், சில வெள்ளியிலும் ஒரு மணி நேர வேலையிலும் காரியம் முடிந்துவிடும். விற்பவருக்கு இது தெரியாவிட்டால் உங்களுக்கு நல்ல பேரம். இதே விரிசல், மாற்றுப் பாகமே இல்லாத ஒரு சிறு நிறுவனத்தின் என்ஜினில் இருந்தால் கைகழுவிவிட்டு வாருங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பியை வைத்து பேட்டரியைத் தொடவிட்டால், நேர்மின்னோட்டத்தில் (டிசி) ஓடும் என்ஜின் நகரும். விளக்கு எரிந்து சக்கரம் சுற்றாவிட்டால் பழைய கிரீஸ் கோந்தாக இறுகியிருக்கலாம், அது சரிசெய்யக்கூடியது. உள்ளே டிஜிட்டல் டீகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் மின்பலகை) இருந்தால் 9 வோல்ட்டுக்கு அசையாமல் போகலாம், அதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். மார்க்லினின் மூன்றாம் தண்டவாள முறைக்கும் இந்தச் சோதனை ஒத்துவராது.

டீகோடர் என்றதும் ஒன்று. 8 முனை, 21 முனை, நெக்ஸ்ட்18 போன்ற பொது அளவுச் செருகுவாய் இருந்தால், உள்ளிருக்கும் மின்பலகை செத்தாலும் இன்னொருவருடையதைச் செருகிவிடலாம். எம்டிஎச்சின் டிசிஎஸ் போலத் தனக்கென்று ஒரு டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை வைத்திருந்த நிறுவனம் என்றால், பலகை கிடைக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகே காசை எடுங்கள். மூடலால் உண்மையாகவே மதிப்பு குறைவது இந்த இடத்தில்தான்.

ரப்பர் வளையம் சக்கரத்தில் வெடித்திருந்தால் கவலையில்லை. பள்ளத்தின் விட்டத்தை அளந்து, அதைவிடப் பத்து விழுக்காடு சிறிய வளையமாக எந்த நிறுவனத்தினுடையதையும் போடலாம்.

கடைசியாகப் பெட்டிக்குள் மூக்கை விடுங்கள். நுரைப்பஞ்சு புளித்த வாடை வீசி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால், ஈரத்தில் அது சிதையத் தொடங்கிவிட்டது. என்ஜினை எடுத்து ஓரத்தைப் பாருங்கள்: பஞ்சு ஒட்டிய இடத்தில் பெயிண்ட் மங்கியோ எழுத்து உரிந்தோ இருக்கும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றிவிடாதீர்கள், எண்களும் சேர்ந்து வந்துவிடும். ஈரத்துணியும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும்.

5. விலைக் கணக்கு

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டி, அதே பொருள் எண்ணில் கடைசிப் பத்து விற்பனையை எழுதுங்கள். உச்சத்தில் இரண்டையும் அடியில் இரண்டையும் அடித்துவிட்டு, மிச்ச ஆறில் நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுங்கள். ஜப்பானியப் பொருளுக்கு யாகூ ஏலத்தின் முடிந்த விலை இன்னும் நம்பகமானது. கரோசலில் மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விலை சந்தை விலை ஆகாது, அது விற்பவரின் ஆசை.

பெட்டி இல்லாவிட்டால் கால் பங்கு கழித்துப் பேசத் தொடங்கலாம். ‘சோதிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரி எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பார்சலின் மதிப்பு, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே இறங்கும்போது வசூலிப்பார்கள். அதற்குக் கீழே என்றாலும், 2023 ஜனவரி முதல், பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளரும் தளங்களும் பணம் கட்டும்போதே பிடித்துக்கொள்கிறார்கள். எடுத்துக்காட்டாக, 150 வெள்ளி என்ஜினும் 30 வெள்ளி அஞ்சலும் 180, வரி 16.20, மொத்தம் 196.20. அதுவே 420 வெள்ளி என்ஜினும் 40 வெள்ளி கூலியும் என்றால் 460, வரி 41.40, மொத்தம் 501.40. கூரியர்காரர் தன் கையாளும் கட்டணத்தைத் தனியாகப் போடுவார். ஏற்கெனவே வரி கட்டிய சில சிறு பொருள்களை ஒரே பார்சலில் சேர்த்து அனுப்பச் சொன்னால், மொத்தம் 400ஐத் தாண்டி மறுபடி வரி விழலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பொம்மைக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்பது ஆறுதல்.

6. விற்கும்வரை வைத்திருப்பது, விற்பது

கேமரா வைக்கும் உலர் அலமாரியை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் ரயிலுக்கும் அது போதும். 30க்குக் கீழே இறக்கினால் பெட்டி அட்டையும் ரப்பரும் நொறுங்கத் தொடங்கும். அலமாரி இல்லையென்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறியதும் காயவைக்க மறந்தால் டப்பா ஈரத்தைப் பூட்டி வைக்கும் பெட்டியாகிவிடும். ஏர்கானுக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும்.

விளம்பரத்தில் பொருள் எண், பெட்டி ஓரத்து ஒட்டுச்சீட்டு, என்ஜினின் இரண்டு பக்கம், அடிப்பக்கம், உதிரிப் பை, கையேடு எல்லாவற்றுக்கும் படம் போடுங்கள். ஓடும் காணொளி பத்து வினாடி போதும். குறையை நீங்களே முதலில் எழுதிவிட்டால், பேநவ்வில் பணம் வந்த பிறகு சண்டை வராது.

கூடவே மின்கட்டுப்பாட்டுப் பெட்டியும் போகிறதா? அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஜப்பானியது 100 வோல்ட், அமெரிக்கது 120. நம் சுவரில் 230. செருகி மட்டும் மாற்றிப் போட்டால் ஒரு நொடியில் புகையும். மார்க்லினின் பழைய நீலநிற 220 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைச் செருகினால் அதன் வெளியீடு கொஞ்சம் கூடிவிடும். என்ஜினின் திசையை மாற்ற அது அனுப்பும் உயர் மின்னழுத்தத் துடிப்பும் அதோடு கூடி, டிஜிட்டல் பலகையைப் பொசுக்கிவிடும். அப்படிப்பட்டதை வாங்குபவர் கையில் கொடுக்கும்போது ‘காட்சிக்கு மட்டும்’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, செருகியின் மேல் ஒட்டியே கொடுங்கள்.